படுத்திருந்த தாங்கியும் மூன்று நீலப் பீப்பாய்களும்

2007 ஒக்டோபர் 17, புதன்கிழமை முற்பகல், பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஜுனைதீன் முன்னிலையில் பதியப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: மகேந்திரராஜா சரோஜினிதேவி. வயது: 46. தொழில்: கணித ஆசிரியை, மாத்தளை நகரப் பெண்கள் பாடசாலை ஒன்று. விலாசம்: 17/2, கோவில் ஒழுங்கை, உக்குவளை. மொழி: தமிழ், சாட்சியின் வேண்டுகோளின்படி. தேசிய அடையாள அட்டை பார்வையிடப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர் மகேந்திரராஜாவுடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் இருவரின் பெற்றோரும் அரசாங்க உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தவர்கள், நாங்கள் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நேற்று இந்நிலையத்துப் பொறுப்பதிகாரியான இன்ஸ்பெக்டர் என்னிடம் முதலில் கேட்டதே ஊர் எது என்பதுதான். மாத்தளை என்றேன். சொந்த ஊர் எது என்றார். அதுவும் மாத்தளை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கேள்வி எனக்கும் பிடிக்கவில்லை. இந்த இடத்தில் சார்ஜன்ட் பேனாவை நிறுத்தினார். எழுதுங்கள் என்றேன், எழுதுகிறார்.

என் கணவர் டீசல் திருடினார் என்றும் அதை வடக்கே அனுப்பினார் என்றும் சொல்லி சென்ற மாத இறுதியில் கைது செய்யப்பட்டார். நாளை காலை அவரைக் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நேற்று மாலை இங்கேயே எனக்குச் சொல்லப்பட்டது. கொழும்புக்குப் போன பிறகு எந்தக் கட்டடத்தில் வைப்பார்கள், எத்தனை வருடம் வைப்பார்கள் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆகவே அந்த வாகனம் புறப்படுவதற்கு முன் நான் சொல்வது அவருடைய வழக்குக் கோவையில் இருக்க வேண்டும். அதற்காகவே இன்று பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் கணவர் நாவுல வீதியிலுள்ள ஓர் அரச வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்கிறார். வீதி உருளைகளுக்கும் டிராக்டர்களுக்கும் வேண்டிய டீசல் அங்கே ஓர் இரும்புத் தாங்கியில் இருக்கிறது. அது உருளை வடிவத் தாங்கி, இரண்டு சீமெந்துத் தாங்குதூண்களின் மேல் படுத்த வாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது, பத்தாயிரம் லீற்றர் கொள்ளும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு மேல் ஓட்டையால் ஒரு கம்பை விட்டு, டீசல் நனைந்த இடத்தைப் பார்ப்பார்கள். தாங்கியோடு வந்த பித்தளைக் கம்பு சில வருடங்களுக்கு முன் டிப்பர் ஒன்றின் சில்லில் அகப்பட்டு முறிந்துபோனது. அதன் பின்னர் வேலைத்தளத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரு. தில்லையம்பலம் மரச்சட்டம் ஒன்றில் கோடு போட்டு ஒரு கம்பு செய்து கொடுத்தார். பக்கத்து வளவில் மண்ணெண்ணெய்த் தாங்கி ஒன்று இருக்கிறது. அதனுடைய கம்பைப் பார்த்து, அதில் இருந்தது போலவே அடியிலிருந்து நுனிவரை சம இடைவெளியில் கோடுகளைப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் லீற்றர் எழுதினார்.

மண்ணெண்ணெய்த் தாங்கி நிமிர்ந்து நிற்பது. அதற்குச் சமமான கோடுகள் சரி. டீசல் தாங்கி படுத்திருப்பது. அதற்கு நடுவில் அகலம், மேலும் கீழும் ஒடுக்கம். அதில் சமமான கோடுகள் பிழை. இது பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த வேலைத்தளத்தில் இத்தனை உத்தியோகத்தர்கள் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை, என் கணவருக்கும் தோன்றவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அங்கே எண்ணெய் லொறியான பௌசர் வந்து நிரப்பும் நாளில்தான் கம்பு விடுவது பழக்கம். தாங்கி பாதிக்கு இறங்கினால் பௌசரைக் கூப்பிடுவார்கள். பாதியில் கம்பு சரியாகவே காட்டும், நிரம்பியிருக்கும்போதும் சரியாகவே காட்டும். இடைப்பட்ட நாட்களில் கம்பை யாரும் தொடுவதில்லை. அதனால் அந்தப் பிழை இத்தனை காலமும் உள்ளேயே கிடந்தது.

சென்ற மாதம் தாங்கியை நிரப்பிச் சில நாட்களின் பின்னர், அரச தாங்கிகளிலிருந்து வடக்கே எரிபொருள் கடத்தப்படுகிறது என்று சொல்லி, முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு சோதனை அதிகாரி வந்தார். வாகனங்களுக்குக் கொடுத்தது போக எண்ணாயிரத்து ஐம்பது லீற்றர் இருக்க வேண்டும். கம்பு ஏழாயிரத்து ஐந்நூறு என்று காட்டியது. கம்பை உள்ளே விட்டு வெளியே எடுத்தவர் திரு. தில்லையம்பலமே. ஐந்நூற்றைம்பது லீற்றர், அதாவது இருநூறு லீற்றர்ப் பீப்பாய் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு, எங்கே என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்று என் கணவர் சொன்னார். அவரிடம்தான் தாங்கிப் பூட்டின் திறப்பு இருந்தது, அவர்தான் தமிழர். திரு. தில்லையம்பலமும் தமிழர்தான், ஆனால் அவரிடம் திறப்பு இல்லை. அதன் பின்னர் தாங்கிக்குச் சீல் வைக்கப்பட்டது, என் கணவர் மேசையில் இருந்தபடியே கூட்டிச் செல்லப்பட்டார்.

நான் அன்றைக்கே சோற்றுப் பார்சலோடு இங்கே வந்தேன். உள்ளே விடவில்லை. மறுநாளும் வந்தேன், அதற்கு மறுநாளும் வந்தேன், பார்சலை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பினார்கள். அந்தச் சோறு அவருக்குப் போனதா, வாசலில் நின்ற நாய்க்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. பிறகொரு நாள் பார்க்க விட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார். என் கணவரின் முகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை. அது இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துத் தெரியாது. பார்சலைப் பிரித்து வைத்தேன். அவர் கையைச் சோற்றின் மேல் வைத்துவிட்டு எடுத்துவிட்டார், விரல்கள் மடங்கவில்லை. 'ஒரு கரண்டி கெடைக்குமா' என்று கான்ஸ்டபிளிடம் கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் கரண்டியால் சோறு சாப்பிட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை.

கரண்டி கிடைக்கவில்லை. நான் ஊட்டிவிட்டேன். 'ஒரு பேப்பர்ல கையெழுத்து வச்சிட்டேன் சரோ, லாபிர்ட பேரும் அதுல இருக்கு' என்று சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நேரம் முடிந்தது என்று கான்ஸ்டபிள் சொன்னார்.

லாபிர் என்பவர் மாத்தளையில் லொறி வைத்திருப்பவர், வேலைத்தளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றுபவர். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள். அவரும் அதே கிழமையில் கைதானார். நோன்பு காலம். பெருநாள் முடிந்த மறுநாள் அவருடைய மனைவி றஹீமா எங்கள் வீட்டுக் கேற்றில் வந்து நின்று, ஒழுங்கை முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

'டீச்சர்! வெளிய வாங்க! ஒங்கட மனுஷன்ட வாயில எங்கட ஆள்ட பேரு எப்பிடி வந்த? நோன்பு தொறக்கவும் உடாம இழுத்துக்கொண்டு போன. பெருநாள் அன்டைக்கி எங்கட வூட்ல அடுப்பு மூட்டல்ல, தெரியுமா ஒங்களுக்கு?'

எனக்கும் ஆத்திரம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனாலேயே ஆத்திரம் கூட வந்தது. 'எங்க வீட்டுக்காரர் கள்ளன்னு நீங்களே சொல்லிட்டு வர்றீங்களா? தெருவுல நின்னு கத்தாதீங்க, போங்க' என்று நானும் கத்தினேன்.

'கள்ளன் இல்லாட்டி அந்த டீசல் எங்க? காத்தா போன? நீங்கதானே பெரிய கணக்கு டீச்சர், கணக்கக் காட்டுங்களே பாப்பம்!' என்று சொல்லி, வாசலில் துப்பிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்து யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஒருவரும் வெளியே வரவில்லை.

நான் கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய் இருந்தேன். அதன் பின்னர், அவர் கேட்டது நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. அதுவரை சோதனை அதிகாரியும் பொலிசாரும், நான் உட்பட எல்லோரும், டீசல் யாரிடம் போனது என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். போனதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு என்ற எண்ணை நான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அது பத்தாயிரத்தில் சரியாக முக்கால். கம்பில் முக்கால் உயரம் என்றால் முக்கால் தாங்கி என்று யார் சொன்னது? அந்தத் தாங்கி படுத்துக் கிடப்பதை வேலைத்தளத்துப் புதுவருட விழாவுக்குப் போனபோது நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒரு தாளை எடுத்து வட்டம் ஒன்றை வரைந்தேன். முக்கால் உயரத்தில் ஒரு நாணை இழுத்தேன். அந்த நாணின் இரு முனைகளையும் மையத்தோடு சேர்த்தால் வரும் கோணம் நூற்றிருபது பாகை, ஆகவே அந்தக் கோணத்துக்குள் அடங்கும் ஆரைச்சிறை வட்டத்தில் மூன்றிலொன்று. அதிலிருந்து கீழே உள்ள முக்கோணியைக் கழித்தால், மேலே வெறுமையாக இருக்கும் துண்டு வரும். அது காற்பங்கு அல்ல, ஐந்திலொன்றுக்கும் கொஞ்சம் குறைவு. பத்தாயிரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. அப்படியென்றால் உள்ளே இருப்பது எண்ணாயிரத்து நாற்பத்தைந்து. இருக்க வேண்டியது எண்ணாயிரத்து ஐம்பது. ஐந்து லீற்றர் வித்தியாசம் வாளியில் ஊற்றும்போது சிந்தியது என்றாலும் சரி, கம்பின் கோடு தடிப்பு என்றாலும் சரி. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். அதன் பின்னர் அழுதேன். இதையும் எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் கைது நடந்த நாளிலிருந்து அதுவரை நான் அழவில்லை.

அன்று பின்னேரமே மாத்தளைக்குப் பஸ் ஏறி, முத்துமாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் திரு. தில்லையம்பலத்தின் வீட்டுக்குப் போனேன். கம்பில் கோடு போட்டது எப்படி என்று கேட்டேன். 'டேப் பிடிச்சு சமமாப் பிரிச்சேன் டீச்சர், மண்ணெண்ணெ டாங்க் கம்பப் பாத்துத்தான். ஏன் கேக்குறீங்க?' என்றார். நான் கொண்டுபோன தாளை அவர் முன் வைத்தேன். அவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். நான் வாய் திறந்து விளக்கத் தேவைப்படவில்லை. தாளைப் பார்த்தார், யன்னலைச் சாத்தினார்.

'டீச்சர், ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், என்னைய இதுல இழுக்காதீங்க. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்காங்க. கம்பு செஞ்சது நான்னு சொன்னா, வேணும்னே செஞ்சேன்னு சொல்லி என்னையும் கொண்டு போயிருவாங்க' என்றார்.

'உங்க புள்ளைங்களுக்கு அப்பா வேணும்கிறதுக்காக என்னோட மகளுக்கு அப்பா இல்லாமப் போகணுமா? அன்னைக்குக் கம்பை உள்ள விட்டதும் நீங்கதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?' என்றேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார், நான் தொடவில்லை. அவர் பயந்தது பொய்ப் பயம் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அவரை இங்கே கூப்பிட்டு விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் நேற்றுக் காலை நான் இந்நிலையத்துக்கு வந்தேன். தாளைக் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததால், பெரிய பால்மா டின் ஒன்றின் மூடியை மெழுகுதிரி உருக்கி ஒட்டி, விலாவில் ஓர் ஓட்டை வெட்டி எடுத்துவந்தேன். கூடவே பிளேன்டி குடிக்கும் சிறிய கோப்பை ஒன்றும், நான்கு சமமான பங்காகக் கோடு போட்ட ஓர் ஈர்க்கும் கொண்டுவந்தேன். வாசலில் என் பையைத் திறந்து பார்த்த கான்ஸ்டபிள், டின்னைக் குண்டு என்று நினைத்துத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். சார்ஜன்ட் ஜுனைதீன் வந்து, நான் டீச்சர் என்று சிங்களத்தில் சொல்லி உள்ளே விட்டார்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் டின்னைப் படுக்க வைத்தேன். தண்ணீர் விட்டேன், இருபது கோப்பையில் நிரம்பியது. நான்கு கோப்பை வெளியே ஊற்றினேன். ஈர்க்கை விட்டு எடுத்தேன், மூன்றாவது கோட்டில் நனைந்திருந்தது. இந்த ஈர்க்கின்படி உள்ளே எத்தனை கோப்பை என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். முக்கால் பங்கு, ஆகவே பதினைந்து என்றார். மிச்சத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக வாளியில் ஊற்றினேன். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிங்களத்தில் சத்தமாக எண்ணினார், பதினைந்தோடு நிறுத்தினார். டின்னில் இன்னும் தண்ணீர் இருந்தது. பதினாறாவது கோப்பையை நான் இன்ஸ்பெக்டரின் மேசையிலேயே வைத்தேன். ஈர்க்கு ஒரு கோப்பையைக் களவெடுத்துவிட்டது, இப்போது என்னைக் கைது செய்யுங்கள் என்று சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் சொன்னதன் பொருள், தாங்கியில் இப்படி ஒரு பிழை இருப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் உன் புருஷனுக்குத் திருடச் சொல்லிக் கொடுத்தவள் நீதான், உனக்கும் உள்ளே இடம் இருக்கிறது என்பதாகும். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். 'அப்பிடின்னா என்னோட பதினோராம் ஆண்டு வகுப்பையும் சேத்துப் பிடிங்க சேர், அவங்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்' என்று அவருக்குப் புரியும்படி சிங்களத்தில் சொன்னேன். அவர் மேசையில் அடித்தார். கோப்பை கவிழ்ந்தது.

நான் குரலை உயர்த்திப் பேசுவதாக இந்த இடத்தில் சார்ஜன்ட் அடைப்புக்குள் குறிப்பு எழுதுகிறார். எழுதட்டும், அது உண்மைதான்.

தாங்கியிலிருந்த டீசலை வழக்குப் பொருளாக வேறோர் இடத்துக்கு மாற்ற ஏற்கெனவே உத்தரவு இருந்தது. என் பேச்சைக் கேட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை. நேற்றுப் பிற்பகல் மானி பூட்டிய பௌசர் ஒன்று வந்து, இன்ஸ்பெக்டரும் சோதனை அதிகாரியும் பார்த்திருக்க, சீலை உடைத்து டீசலை உறிஞ்சி எடுத்தது. நான் வேலைத்தளத்துக் கேற்றுக்கு வெளியே நின்றேன். எதிர்ப்பக்க மரத்தடியில் றஹீமாவும் நின்றார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. பௌசரின் மானியில் எண்ணாயிரத்து நாற்பதுக்கு மேல் காட்டியது என்று பௌசர்க்காரர் கேற்றடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். றஹீமா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

அதன் பின்னர் நான் மறுபடி இந்நிலையத்துக்கு வந்து, டீசல் முழுவதும் இருக்கிறது, ஆகவே என் கணவரையும் லாபிரையும் விடுங்கள் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் டீசல் சரியாக இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் உன் புருஷன் கொடுத்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறாரே, குற்றம் செய்யாதவன் ஒப்புக்கொள்வானா, டீசல் ஒரு பக்கம், வாக்குமூலம் ஒரு பக்கம் என்று சொன்னார். அதன் பின்னர் என் வாயை அடைப்பதற்காக, என் கணவர் கையெழுத்து வைத்த தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினார்.

அதன்படி என் கணவர் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தில், வேலைத்தளத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மூன்று நீல நிறப் பீப்பாய்களில் டீசலை நிரப்பி, லாபிரின் லொறியில் ஏற்றினார். ஒரு பீப்பாயின் விளிம்பு நெளிந்திருந்தது. மூடிகளுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தது. லொறியில் பீப்பாய்களின் மேல் தார்ப்பாய் போட்டு, அதன் மேல் மரக்கறிக் கூடைகள் வைக்கப்பட்டிருந்தன. லொறி வடக்கே தம்புள்ளைப் பக்கம் திரும்பியதை அவர் கேற்றில் நின்று பார்த்தார்.

இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது பின்வருமாறு. என் கணவருக்குக் கதை கட்டத் தெரியாது. எங்கள் மகள் சிறியவளாக இருந்தபோது கதை சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டால், கண்டி பஸ் எத்தனை மணிக்கு வரும், மாத்தளை ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளை தூங்கிவிடும். அப்படிப்பட்ட மனிதர் நெளிந்த விளிம்பையும், வெள்ளை மூடியையும், மரக்கறிக் கூடையையும் எங்கிருந்து எடுத்தார்? டீசல் தாங்கியை விட்டு வெளியே போகவே இல்லை. போகாத டீசலுக்குப் பீப்பாய் இல்லை. இல்லாத பீப்பாய்க்கு நீல நிறம் இல்லை. அது அவர் கண்டது அல்ல, அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. சொல்லிக் கொடுத்தது யார்? அவர் சொல்ல மறுத்தபோது என்ன செய்யப்பட்டது? லாபிர் என்ற பெயரை முதலில் உச்சரித்தது அவரா, அவருக்கு முன்னால் இருந்தவரா? இந்தக் கேள்விகளை நான் இந்நிலையத்தில் வைத்தே இந்நிலையத்திடம் கேட்கிறேன்.

'டீச்சர், இத நான் எழுதினா ஒங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். இந்த ஒரு பந்திய உட்டுருவமா?' என்று சார்ஜன்ட் தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல என்று நினைக்கிறேன். ஆனால் என் கணவர் இதே கட்டடத்தில்தான் இருந்தார், நல்ல மனிதர்களும் இதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். விட முடியாது என்றேன். அதன் பின்னர் அவர் எழுதினார். நான் சொன்ன எதையும் விடவில்லை என்பதை அவருடைய தோளுக்கு மேலாக நின்று பார்த்தேன்.

மேற்படி யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, பின்னர் நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதன் கீழே, எவருடைய அச்சுறுத்தலும் வற்புறுத்தலும் இல்லாமல் சுயவிருப்பத்தின் பேரில் சொன்னேன் என்ற வரியைச் சேர்க்க வேண்டும், அதுதான் முறை என்று சார்ஜன்ட் சொன்னார். நேற்று இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டிய தாளில் என் கணவரின் கையெழுத்துக்கு மேலேயும் அந்த வரிதான் இருக்கிறது. ஆகவே என்னுடையதில் அது வேண்டாம்.

(ஒப்பம்) ம. சரோஜினிதேவி

சாட்சி கேட்டுக்கொண்டதற்கிணங்க மேற்படி வரி சேர்க்கப்படவில்லை.

(ஒப்பம்) ஜுனைதீன், சார்ஜன்ட்